காணொளி விளையாட்டுகளுள் சிறந்தது எது?

நுழையும்முன்

நூலுக்கும் இசைக்கும் திரைப்படத்திற்கும் திறனாய்வு உண்டு. காணொளி விளையாட்டுக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் புகழுரை அல்லது வசையுரை. ஒரு கலைவடிவத்தின் தரத்தை எந்த அளவுகோலால் அளப்பது, அளந்தபின் எதனை முதலிடத்தில் வைப்பது என்பதை இக்கருத்துரை ஆராய்கிறது. இதன் முடிவை ஏற்பதும் மறுப்பதும் படிப்பவரின் உரிமை. காரணம் காட்டுவது இரு சாராருக்கும் கடமை.

இருவேறு பிழைகள்

வீடுகள் பலவற்றில் நாள்தோறும் நிகழும் வழக்கு ஒன்று உண்டு. திரையின்முன் அமர்ந்திருக்கும் பிள்ளையை நோக்கி, "இந்த விளையாட்டெல்லாம் வீண்" என்பர் பெற்றோர். "எல்லாரும்தானே விளையாடுகிறார்கள், இதில் என்ன தவறு?" என்று பிள்ளை கேட்கும். எதிரெதிராக நிற்பதுபோல் தோன்றினும் இருவரும் செய்யும் பிழை ஒன்றே. பெற்றோர் எல்லா விளையாட்டுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தள்ளுகின்றனர்; பிள்ளை அதே மூட்டையை அப்படியே அணைத்துக்கொள்கிறது. மூட்டையை அவிழ்த்து, உள்ளே இருப்பவற்றைத் தரம் பிரித்துப் பார்க்க இருவரும் முன்வருவதில்லை.

வீட்டிற்கு வெளியே தரம் பிரித்தல் தொடங்கிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012ஆம் ஆண்டு 14 காணொளி விளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், கட்டுப்பாட்டை இழந்து விளையாடும் நிலை ஒரு நலக்குறைவாக இடம்பெற்றது. இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. மின்விளையாட்டுப் போட்டிகளை அவற்றினின்று பிரித்து ஊக்குவித்தது. 'விளையாட்டு' என்னும் ஒரே சொல் அருங்காட்சியகத்திலும் மருத்துவ ஏட்டிலும் சட்ட நூலிலும் வெவ்வேறு பொருளில் நிற்கிறது. இந்நிலையில் எது சிறந்தது என்று கேட்பது பொழுதுபோக்கு வினா ஆகாது. இளையோரின் எண்ணற்ற மணி நேரம் எதற்குச் செலவாகிறது என்பதே அவ்வினாவின் உட்பொருள்.

அளவுகோல் எது?

விற்பனையை அளவுகோலாகக் கொள்ளலாமா? 2013இல் வெளிவந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' தொடரின் ஐந்தாம் பகுதி 20 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. ஆனால், அதிகம் விற்ற நூலே சிறந்த நூல் என்று எவரும் கூறுவதில்லை. காட்சியின் பொலிவைக் கொள்ளலாமா? இன்று வியக்க வைக்கும் படம் பத்தாண்டுகளில் பழையதாகிவிடும். கதையைக் கொள்ளலாமா? கதை மட்டுமே வேண்டுமெனில் அதனைப் புதினமாக எழுதலாம், திரைப்படமாக எடுக்கலாம்.

ஒரு கலையை அதனால் மட்டுமே இயலும் செயலைக் கொண்டு அளப்பதே முறை. இசை சொல்லின்றி உணர்த்துகிறது. நாடகம் ஆளை நேரில் நிறுத்துகிறது. காணொளி விளையாட்டோ ஆடுபவரைச் செயற்படச் செய்கிறது. அச்செயலுக்கு மறுமொழியும் தருகிறது. நூலில் வரும் மாந்தர் மலையேறுவதைப் படிப்பவர் அறிகிறார். விளையாட்டில் எந்தப் பக்கமாக ஏறுவது என்பதை ஆடுபவர் தாமே முடிவுசெய்கிறார், தவறினால் விழுகிறார், விழுந்ததன் காரணத்தைத் தாமே கண்டறிந்து மீண்டும் ஏறுகிறார். 'தானே கண்டறிதல்' என்னும் இந்த இன்பத்தை நேர்மையாகவும் நெடுங்காலமாகவும் புதுமை குன்றாமலும் தந்துவரும் தொடரே முதன்மையானது. அவ்வாறு நோக்கினால் ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனத்தின் 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' தொடருக்கே முதலிடம் தருதல் தகும்.

குகையிலிருந்து பிறந்த உலகம்

நின்டெண்டோ 1889ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் மலர்ப்படம் தீட்டிய சீட்டுகளைச் செய்யும் நிறுவனமாகத் தோன்றியது. அந்நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ, கியோட்டோ மாநிலத்தின் சோனோபே என்னும் ஊரில் வளர்ந்தவர். சிறுவயதில் வரைபடம் ஏதுமின்றிக் குன்றுகளில் அலைந்ததையும், விளக்கேந்திக் குகைக்குள் நுழைந்ததையும் அவர் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். அந்த அச்சமும் வியப்புமே செல்டாவின் வித்து.

மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் உருவாக்கிய முதற்பகுதி 1986 பிப்ரவரி 21 அன்று ஜப்பானில் வெளிவந்தது. ஆட்டம் தொடங்கும்போது லிங்க் என்னும் சிறுவன் ஒரு வெளியில் நிற்கிறான். அவன் கையில் வாள் இல்லை. எத்திசையில் செல்வது என்று கூறுவாரும் இல்லை. அருகே ஒரு குகைவாயில் தெரிகிறது. உள்ளே சென்றால் முதியவர் ஒருவர் வாள் தருவார். செல்லாமல் விட்டாலும் தடையில்லை. வெறுங்கையோடு நடந்து அதன் விளைவை ஆடுபவர் அறிந்துகொள்ளலாம். இடமிருந்து வலமாக ஓடி முடிவதே பல ஆட்டங்களின் வழக்கமாக இருந்த அக்காலத்தில், ஆடுபவரின் அறிவை நம்பி வழியைத் திறந்துவைத்த துணிவு பெரிது.

காலமும் துயரமும்

1998இல் வெளிவந்த 'ஒக்கரினா ஆஃப் டைம்' இத்தொடரை முப்பரிமாண வெளிக்குக் கொண்டுசென்றது. எதிரியின்மீது பார்வையை நிலைநிறுத்தி அவரைச் சுற்றிவரும் முறையை அது வகுத்தது. பின்வந்த எண்ணற்ற விளையாட்டுகள் அம்முறையைப் பின்பற்றின. ஒக்கரினா என்பது கையடக்கமான ஓர் ஊதுகருவி. ஐந்து பொத்தான்கள் ஐந்து சுரங்களாகின்றன. ஆடுபவர் அவற்றை நினைவில் வைத்து இசைக்க வேண்டும். ஓர் இசை மழையை வரவழைக்கும். மற்றொன்று பகலை இரவாக்கும். கோஜி கோண்டோ அமைத்த இசை இங்குப் பின்னணியாக ஒலிப்பதோடு அமையாது, பூட்டைத் திறக்கும் திறவுகோலாகவும் விளங்குகிறது.

ஈராண்டுகளுக்குப் பின் வந்த 'மஜோராஸ் மாஸ்க்' இன்னும் ஆழமானது. ஓர் ஊரின்மீது நிலவு விழப்போகிறது. எஞ்சியிருப்பவை மூன்று நாள்களே. அந்நாள்கள் முடியுமுன் ஆடுபவர் காலத்தைப் பின்னோக்கித் திருப்பி, மீண்டும் முதல்நாளுக்குச் செல்லலாம். ஆனால், அவரால் உதவி பெற்றோர் அவ்வுதவியை மறந்துவிடுவர். பிரிந்த காதலர் இருவரை அரும்பாடுபட்டுச் சேர்த்துவைத்தாலும், காலம் திரும்பியதும் அவர்கள் பிரிந்தவராகவே நிற்பர். உதவியதன் அடையாளமாகக் கிடைத்த முகமூடி மட்டும் ஆடுபவரிடம் எஞ்சும். நன்றி கிடைக்காத இடத்தில் நன்மை செய்வதன் பொருள் என்ன என்னும் வினாவை இவ்வாட்டம் சொற்பொழிவாற்றிக் கேட்பதில்லை. ஆடுபவரின் கைகளைக் கொண்டே கேட்கிறது. நூலோ திரைப்படமோ இவ்வினாவை இவ்வகையில் எழுப்ப இயலாது.

காற்றும் தீயும் விதிகளும்

தொடர் பழகிப்போகும்போது பலர் அதனை மேலும் பெரிதாக்குவர். எய்ஜி அவோனுமா தயாரித்து, ஹிடேமாரோ புஜிபயாஷி இயக்கி, 2017 மார்ச் 3 அன்று வெளிவந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' பழைய வழக்கங்களையே கேள்விக்கு உட்படுத்தியது. முதற்பகுதியைப் போன்ற தட்டையான மாதிரி ஒன்றைச் செய்து, அதில் புதிய கருத்துகளைச் சோதித்ததாக அதன் வடிவமைப்பாளர்களே விளக்கியுள்ளனர். முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட வித்திற்கே அவர்கள் திரும்பினர்.

இங்குத் தீ, நீர், காற்று, மின்னல் ஆகியவை தமக்கென விதிகள் உடையன. உலர்ந்த புல் பற்றி எரியும். எரியும்போது வெப்பக்காற்று மேலெழும். அக்காற்றில் பாய்மிதவையை விரித்தால் லிங்க் வானில் உயர்வான். மழை பெய்தால் பாறை வழுக்கும். இடி முழங்கும் வேளையில் உலோக வாளை ஏந்தி நின்றால் மின்னல் தாக்கும். ஒருவர் பனிக்கட்டியை உருக்க விறகு தேடுவார். மற்றொருவர் தீப்பந்தம் ஏந்தி வருவார். இரு விடைகளும் சரியானவையே. தொடக்கப்பகுதியை முடித்தபின் இறுதிப் பகைவனின் கோட்டைக்கு நேரே செல்லவும் தடையில்லை. தோற்பது பெரும்பாலும் உறுதி, எனினும் முயலும் உரிமை உண்டு.

2023 மே 12 அன்று வெளிவந்த 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' அவ்வுலகில் கட்டுமானத்தையும் சேர்த்தது. மரத்துண்டு, சக்கரம், விசிறி ஆகியவற்றை ஒட்டி வண்டியோ தோணியோ பறக்கும் கருவியோ செய்யலாம். எடை ஒருபுறம் மிகுந்தால் கருவி கவிழும். கவிழ்ந்ததன் காரணத்தை ஆராயும் சிறுவர், தம்மை அறியாமலே இயற்பியலின் வாயிலில் நிற்கின்றனர். முதல் மூன்று நாள்களில் ஒரு கோடிப் படிகளுக்கு மேல் விற்ற இவ்வாட்டத்திற்குத் தோல்வியே ஆசிரியராக அமைந்தது.

மறுப்புகளும் விடைகளும்

இத்தேர்வுக்கு எதிரான வாதங்கள் வலிமையற்றவை அல்ல. முதல் வாதம்: 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய 'டெட்ரிஸ்' இன்னும் தூய்மையானது, கதையோ மாந்தரோ இன்றி எல்லா மொழியினரையும் ஈர்த்தது. இது மெய்யே. ஆயினும், டெட்ரிஸ் ஒரே கருத்தின் முழுமை; பல தலைமுறைகளில் தன்னை மாற்றிக்கொண்டு வளர்ந்த தொடரின் சிறப்பு வேறு வகையானது. இரண்டாம் வாதம்: 30 கோடிப் படிகளைக் கடந்த 'மைன்கிராஃப்ட்' படைப்புரிமை முழுவதையும் ஆடுபவருக்கே தருகிறது. இதுவும் மறுக்க இயலாதது. எனினும், மைன்கிராஃப்ட் வெற்று மனையும் செங்கல்லும் தருவது; செல்டா ஒவ்வொரு குன்றின்பின்னும் ஒரு வினாவைக் கருதி வைத்திருப்பது. கட்டும் இன்பத்தை விரும்புவோர் முன்னதைத் தேர்வதில் பிழையில்லை.

மூன்றாம் வாதம் தொடரின் குறையையே சுட்டுகிறது. செல்டா என்பது இளவரசியின் பெயர்; தொடருக்கே அவள் பெயர்தான். ஆயினும், பெரும்பாலான பகுதிகளில் அவள் மீட்கப்பட வேண்டியவளாகவே இருந்தாள். முதன்மைத் தொடரில் அவளை ஆடுபவரே இயக்கும் பகுதியாக 'எக்கோஸ் ஆஃப் விஸ்டம்' வெளிவந்தது 2024இல்தான். 38 ஆண்டுக் காத்திருப்பு பாராட்டத்தக்கது அன்று. குறையை ஒப்புக்கொள்வதால் தொடரின் தகுதி குன்றாது. குறையை மறைப்பதால் திறனாய்வின் தகுதி குன்றும்.

நான்காம் வாதம் இந்தியப் பிள்ளைகளுக்கு நெருக்கமானது. இத்தொடர் எந்த இந்திய மொழியிலும் வெளிவரவில்லை. இதற்கெனத் தனிக்கருவி வேண்டும். அதன் விலை பல குடும்பங்களுக்கு எட்டாதது. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஆட்டங்களே பெரும்பாலோரின் அனுபவம். ஆனால், இங்கேதான் தரம் பிரித்தலின் தேவை மிகுகிறது. விலையின்றிக் கிடைக்கும் ஆட்டங்கள் பல, ஆடுபவரின் நேரத்தையும் பின்னர்ப் பணத்தையும் ஈடாகக் கேட்கின்றன. உள்ளிருப்பது தெரியாத பரிசுப்பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கும் முறையைச் சூதாட்டமெனக் கருதி, பெல்ஜியம் 2018இல் தடுத்தது. செல்டாவிலும் கூடுதல் பகுதிகள் விலைக்கு விற்கப்பட்டதுண்டு. அதனை முடிக்கப் பல பத்து மணி நேரம் தேவைப்படுவதும் உண்மை. ஆயினும், அதில் குலுக்கல் பெட்டி இல்லை. இன்று வராவிடில் நேற்றைய பரிசு போய்விடும் என்னும் மிரட்டல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்கு ஒரு முடிவு உண்டு. முடிவுள்ள ஆட்டத்தை விட்டு எழுந்து செல்ல முடியும்.

அருகிலும் ஒரு சான்று

சிறந்த அளவுகோல் ஒரு தொடரோடு நின்றுவிடலாகாது; பிறவற்றையும் அளக்க உதவ வேண்டும். கனடாவில் உருவாகி 2023இல் வெளிவந்த 'வெண்பா' என்னும் சிறிய ஆட்டம், அந்நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றியது. தாயிடமிருந்து வந்த சமையற்குறிப்பேடு சிதைந்திருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து, இட்டலி முதலிய உணவுகளை ஆடுபவரே சமைத்து முடிக்க வேண்டும். மறந்துபோகும் மொழியையும் சுவையையும் மீட்கும் உழைப்பு அவர் கைக்கு வந்துவிடுகிறது. பிரிட்டிஷ் அகாதெமியின் அறிமுகப் படைப்புக்கான விருதை இது 2024இல் பெற்றது. பெருநிறுவனமும் பெரும்பொருளும் இன்றியே செல்டாவின் அறம் இங்குச் செயற்படுகிறது: விடையைச் சொல்லாதே, கண்டறியவிடு.

ஆதலின், செல்டா முதன்மையானது என்பது அதனை வாங்கியே தீரவேண்டும் என்னும் பரிந்துரை அன்று. எந்த ஆட்டத்தின்முன் அமர்ந்தாலும் மூன்று வினாக்களை எழுப்பும் பழக்கமே அதனிடமிருந்து பெறத்தக்கது. இவ்வாட்டம் அறிவை நம்புகிறதா, பலவீனத்தை நம்புகிறதா? தோல்வி எதையேனும் கற்பிக்கிறதா, பணம் மட்டும் கேட்கிறதா? முடித்து எழும்போது மனத்தில் ஏதேனும் எஞ்சுகிறதா? இவ்வினாக்களைப் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து கேட்கத் தொடங்கும் நாளில், அந்தப் பழைய வழக்கு உரையாடலாக மாறும்.

சொல்லும் பொருளும்

வசையுரை – பழித்துப் பேசுதல்
வித்து – விதை, தொடக்கம்
பொலிவு – அழகு, மிளிர்வு
அரும்பாடு – கடும் உழைப்பு
பாய்மிதவை – காற்றில் மிதக்க உதவும் விரிதுணி

பயிற்சி

1. பெற்றோரும் பிள்ளையும் செய்யும் பிழை ஒன்றே என இப்பாடம் கூறுவது ஏன்?
2. விற்பனை, காட்சிப் பொலிவு, கதை ஆகியவை அளவுகோலாகாமைக்குக் காட்டப்படும் காரணங்களைத் தொகுத்து எழுதுக.
3. 'குறையை மறைப்பதால் திறனாய்வின் தகுதி குன்றும்' – இத்தொடரை விளக்குக.
4. நீங்கள் அறிந்த விளையாட்டு ஒன்றை இப்பாடத்தின் மூன்று வினாக்களால் அளந்து, ஒரு பக்க அளவில் கருத்துரை எழுதுக.