அசையாத வீட்டுக்குத் தண்டவாள மின்சாரம் எதற்கு?

மாதிரிப் புகையிரதத் தளம் அமைப்போர் மத்தியில் ஒரு தவறான போதனை நெடுங்காலமாக உலவி வருகிறது. தண்டவாளத்தில்தான் மின்சாரம் ஓடுகிறதே, நிலையத்துக்கும் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேண்டிய வெளிச்சத்தையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்பதுதான் அந்தப் போதனை. விற்பனையாளர்கள் இதைச் சொல்கிறார்கள். அனுபவசாலிகள் என்று பெயரெடுத்தவர்களும் சொல்கிறார்கள். ரொரன்ரோவின் நிலவறைகளிலும் லண்டன் வீடுகளின் மேல்மாடிகளிலும் பனிக்காலத்தைக் கழிக்க இந்தப் பொழுதுபோக்கில் இறங்கிய நம்மவர் சிலரும் அதை நம்பிப் பணத்தையும் பொறுமையையும் இழக்கிறார்கள். நான் கலைப்பட்டதாரி. பௌதிகத்தை முறையாகக் கற்றவனல்லன். ஆயினும் இந்தப் போதனை பிழையானது என்று நிறுவ ஓமின் விதியும் ஒரு வகுத்தற் கணக்கும் போதும்.

பழைய நேரோட்ட முறையை முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கே தண்டவாளத்தின் மின்னழுத்தமே வண்டியின் வேகம். கட்டுப்பாட்டுக் கருவியின் குமிழைத் திருகினால் மின்னழுத்தம் சுழியத்திலிருந்து 12 வோல்ற் வரை ஏறும். வண்டி நிலையத்தில் நின்றால் அழுத்தமும் சுழியமாகும். அதாவது, வண்டி வந்து நிற்கும் கணத்தில் நிலையத்தின் விளக்குகள் அணைந்துவிடும். பயணிகள் இருட்டில் இறங்க வேண்டும். வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தினாலோ மின்முனைகள் இடம் மாறுகின்றன. எல்.ஈ.டி. என்பது ஓர் இருவாயி. ஒரு திசையில் மட்டுமே மின்னைக் கடத்தும். எதிர்த் திசையில் அது தாங்கக்கூடிய அழுத்தம் பெரும்பாலும் 5 வோல்ற் என்றே குறிக்கப்பட்டிருக்கும். அதன்மீது 12 வோல்ற்றைப் பின்புறமாகச் செலுத்துவது என்ன நியாயம்?

“இது எண்ணிமக் காலம், இப்போது தண்டவாளத்தில் எந்நேரமும் முழு அழுத்தம் இருக்கிறது” என்று பதில் சொல்வார்கள். இருக்கிறது, உண்மைதான். டி.சி.சி. முறையில் 14 அல்லது 16 வோல்ற் அளவில், விரைவாக முனை மாறும் அலையாக அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதுதான் முழுத் தளத்திலும் விலை கூடிய மின்சாரம். கட்டளைகளைச் சுமந்து செல்லும் அந்த மின்சாரத்தைத் தருவதற்கென்றே பெரும் பணம் கொடுத்துக் கருவி வாங்குகிறோம். அதைத் தேநீர்க்கடை விளக்குக்குச் செலவிடலாமா? அதைவிடப் பெரிய கேடு ஒன்றும் உண்டு. பாதை பிரியும் இடத்தில் ஒரு சில்லுத் தடம் புரண்டால் போதும், குறுஞ்சுற்று ஏற்பட்டுக் கருவி தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். வண்டி நிற்பது சரி. ஆனால் ஊர் முழுவதும் ஏன் இருள வேண்டும்? 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த காரியத்தால் இலங்கைத் தீவு முழுவதும் இருளில் மூழ்கியதை நாம் அறிவோம். அந்த அனுபவத்தை மேசைமீதும் அமைத்துப் பார்க்க ஆசைப்படுபவர்களோடு எனக்கு வாதமில்லை.

ஓடும் பெட்டிக்குள் விளக்கு வேண்டுமானால் தண்டவாளத்திலிருந்து எடுப்பது இயல்பு. கட்டடம் ஓடுவதில்லை. விளக்குகளைக் கைக்கருவியாலேயே ஏற்றி அணைக்க வேண்டும் என்போர், கட்டளையைத் தண்டவாளத்திலிருந்தும் மின்சாரத்தை வேறு வழியிலிருந்தும் பெறும் கருவியைத் தேடி வாங்கட்டும். ஐம்பது ரூபாய் ஆளியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பழைய மின்மாற்றிகளின் பின்புறத்தில் 16 வோல்ற் ஆடலோட்ட முனை ஒன்று இருக்கும். அதையே பயன்படுத்தச் சொல்பவர்களும் உளர். ஆடலோட்டத்தில் 16 என்று குறித்தால் அதன் உச்சம் ஏறத்தாழ 22½ வோல்ற். பாலச் சீராக்கியும் கொள்ளளவியும் இன்றி அதில் எல்.ஈ.டி.யை மாட்டினால் செக்கனுக்கு 50 தடவை மின்னும். ஒவ்வொரு மறு அரைச்சுற்றிலும் அடி வாங்கும்.

இத்தனை தொல்லையும் எதற்கு? வீட்டு அலுமாரியில் பழைய இணையக் கருவியொன்றின் 12 வோல்ற், 1 அம்பியர் வழங்கி கிடக்கும். அதுவே போதும். பாரமான மின்மாற்றி உள்ளே வைத்த மிகப் பழைய வழங்கிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சுமை குறைந்தால் அவற்றின் அழுத்தம் எழுதியிருப்பதைவிட வெகுவாக ஏறிவிடும். மூடி முத்திரையிட்ட வழங்கியாக இருக்கட்டும், அதைத் திறக்க வேண்டாம். 230 வோல்ற் சுவரோடு நிற்க வேண்டும். பிள்ளைகள் கைவைக்கும் பலகைக்கு அடியில் அதற்கு இடமில்லை.

கணக்கையும் பார்ப்போம். வெள்ளை எல்.ஈ.டி. ஏறத்தாழ 3 வோல்ற் எடுக்கும். மீதி 9 வோல்ற். 4.7 கிலோ ஓம் தடையியை இட்டால் ஓடுவது 2 மில்லி அம்பியருக்கும் சற்றுக் குறைவு. முப்பது வீடுகளுக்கும் சேர்த்து 60 மில்லி அம்பியர்கூட ஆகாது. கோதுமை மணி அளவான பழைய இழைக் குமிழ் ஒன்றே ஏறக்குறைய அவ்வளவையும் தின்னும். முப்பது குமிழுக்குக் கனத்த மின்மாற்றி தேவைப்பட்ட காலம் போய்விட்டது; அக்காலத்து அறிவுரைதான் போகாமல் நிற்கிறது.

தடையி விடயத்திலும் சிக்கனம் என்ற பெயரில் ஒரு மூடத்தனம் நடக்கிறது. பத்து எல்.ஈ.டி.களைச் சமாந்தரமாக இணைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே தடையியைப் போடுகிறார்கள். ஒரே பெட்டியில் வாங்கிய எல்.ஈ.டி.களுக்கிடையிலும் சிறு அழுத்த வேறுபாடு உண்டு. குறைந்த அழுத்தத்தில் ஒளிர்வது மற்றவற்றின் பங்கையும் இழுத்துக்கொள்ளும். சூடேற ஏற இன்னும் இழுக்கும். அந்த வரிசையில் 2 வோல்ற்றில் எரியும் சிவப்பு ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள், வெள்ளை அனைத்தும் வேலைநிறுத்தம் செய்துவிடும். ஒவ்வொன்றுக்கும் தனித் தடையி, அல்லது மூன்றைத் தொடராக இணைத்து அத்தொடருக்கு ஒரு தடையி. கடையில் விற்கும் 12 வோல்ற் ஒளிநாடாவை மூன்று மூன்றாகவே வெட்ட முடிவது இதனால்தான்.

எல்லாவற்றையும்விட என்னை எரிச்சலூட்டுவது வெளிச்சத்தின் அளவு. 20 மில்லி அம்பியர் தாங்கும் என்று எழுதியிருந்தால் 20ஐயும் கொடுத்தே தீர்வது என்று நிற்கிறார்கள். பத்திரிகையின் ஒவ்வொரு செய்திக்கும் 72 புள்ளியில் தலைப்புப் போட்டால் எப்படியிருக்கும்? அப்படியிருக்கிறது அவர்களின் ஊர். சுவரின் பிளாஸ்ரிக் ஊடாகவே ஒளி ஒழுகுகிறது. உட்புறத்தில் ஒரு பூச்சுக் கறுப்பு மை பூசவும் மனமில்லை.

யாழ்தேவி ஓடத் தொடங்கிய 1956 ஆம் ஆண்டின் வடபகுதி நிலையம் ஒன்றை அமைப்பதாகச் சொல்லிக்கொண்டு, 1990களில் பிறந்த வெள்ளை எல்.ஈ.டி.யின் நீலம் பாய்ந்த ஒளியை அதற்குள் கொட்டுகிறார்கள். கைகாட்டி விளக்கு மண்ணெண்ணெயில் எரிந்த காலம் அது. நமது அகலப் பாதையின் 1,676 மில்லிமீற்றரை 76 இல் ஒன்றாகச் சுருக்கினால் 22 மில்லிமீற்றர் வரும், கடையில் கிடைப்பதோ 16.5 என்று மணிக்கணக்கில் வாதாடுபவர்கள் விளக்கின் நிறத்தைப் பற்றி ஒரு நிமிடமும் யோசிப்பதில்லை. மஞ்சள் கலந்த இதமான வெள்ளை எல்.ஈ.டி.யும் அதே கடையில், ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைக்கிறது. அதற்கு 10 கிலோ ஓம் தடையியை இட்டுப் பாருங்கள். இன்னும் கண்ணைக் குத்தினால் 22 கிலோ ஓம். நிலைய அதிபரின் அறைக்கு அதுவே கூடுதலாகவும் இருக்கலாம்.