வாசிப்புப் பரீட்சையும் தமிழ் மாணாக்கரும்

சென்ற ஆடித் திங்களில் ஒருநாள் மாலை, தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய யாம் பதினொருவர் ஒரு மாதிரிப் பரீட்சை எழுதினோம். உத்தியோகத்திற்கு ஆள் தெரியும் பரீட்சைகளில் வழங்கும் வினாத்தாளை ஒத்தது அது. சிறுசிறு உரைப்பகுதிகள், ஒவ்வொன்றின் கீழும் சில வினாக்கள், ஒவ்வொரு வினாவிற்கும் மூன்று அல்லது நான்கு விடைகள். அவற்றுள் பொருந்துவதொன்றைக் குறித்தல் வேண்டும். பழம் பாட்டுக்களுக்கு உரை கண்டு பழகிய எமக்கு இஃதோர் அருஞ்செயலோ என்னும் இறுமாப்புடனேயே யாம் உட்கார்ந்தோம். முப்பது வினாக்களுள் பதினைந்தைத் தாண்டியவர் எம்முள் இருவரே. அதே தாளைப் பக்கத்து அறையில் எழுதிய பௌதிக வகுப்பினர் எம்மினும் நன்கு செய்திருந்தனர் என்பதை ஈண்டு மறைப்பதிற் பயனில்லை.

ஆங்கிலம் எம்மைக் கெடுத்தது என்று அன்றிரவு விடுதியிற் பேசிக்கொண்டோம். அவ்வாறு கூறுவது மனத்திற்கு ஆறுதலாயிருந்தது. ஆனால் எம்முள் ஒரு நண்பர் பிடிவாதக்காரர். அவர் இரண்டு நாள் முயன்று அப்பகுதிகளையெல்லாம் தமிழிற் பெயர்த்து மீண்டும் எங்கள் முன் வைத்தார். ஆங்கிலத்தில் தவறிய வினாக்களுட் பலவற்றைத் தமிழிலும் தவறினோம். நோய் வேறிடத்தில் இருக்கிறது என்பது அப்பொழுதுதான் தெரிந்தது.

ஒரு பகுதி குளத்துப் பாசனம் பற்றியது. ஓர் ஊரில் குளத்தைத் தூர்வாரிய பிறகு சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது என்று அது கூறிற்று, அவ்வளவே. 'அவ்வூரில் விளைச்சல் பெருகிற்று' என்னும் கூற்று மெய்யா, பொய்யா, பகுதியைக் கொண்டு துணிய இயலாததா என்பது வினா. எம்முட் பலர் வேளாண்குடியிற் பிறந்தவர். கிணற்றில் நீர் ஏறினால் வயலில் விளைவு ஏறும் என்பதை யாம் அறியோமா? 'மெய்' என்று குறித்தோம். துணிய இயலாது என்பதே விடை. விளைச்சலைப் பற்றி அப்பகுதியில் ஒரு சொல்லேனும் இல்லை. யாம் படித்தது வினாத்தாளையன்று, எம் ஊரை.

இத்தகைய பரீட்சைக்குப் பயில்வது கல்வியாகாது, அது கடைச்சரக்கு என்று கூறும் பெரியோர் நம் கல்லூரியிலும் உளர். அவர்பால் எமக்குள்ள மதிப்புக் குறையாமலே இதனை மறுக்கின்றோம். அவர்கள் வெறுப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. வாசித்தற் பயிற்சி என்னும் பெயரால் இக்காலத்து விற்கப்படுவன பெரும்பாலும் தந்திரங்களே. வினாவை முன்னே படி, பகுதியை மேலோட்டமாகப் பார், 'எல்லாம்' 'ஒருபோதும்' என்னும் சொற்கள் வரும் விடையைத் தள்ளு என்று சூத்திரம் போலச் சொல்லிக்கொடுக்கின்றனர். பகுதியே 'எல்லாரும்' என்று கூறியிருப்பின் அச்சூத்திரம் என்னாம்? படியாமலே படித்தவன்போல் விடை கூறுதற்குரிய வழிகள் இவை. ஆனால் வாணிகம் இழிந்தது என்பதனால் விற்கப்படும் பொருளும் இழிந்தது என்று கொள்ளுதல் தருக்கமன்று. ஒரு பகுதி கூறுவது இது, கூறாதது இது, கூறாமலே கொண்டு நிற்பது இது என்று மூன்றையும் பிரித்தறிதல் கல்வியன்றாயின், பின் எது கல்வி?

தமிழ் மாணாக்கர்க்கு இஃது அயல்நாட்டுச் சரக்கன்று என்பதை வற்புறுத்தவே இக்கட்டுரை எழுதப் புகுந்தோம். பவணந்தியாரின் நன்னூலை நாம் எல்லாம் பாடங் கேட்டிருக்கின்றோம். அதன் பாயிரத்தில் நூலிற்கு ஆகாத குற்றங்கள் பத்து எண்ணப்பட்டிருக்கின்றன. பரீட்சைக்கு முதல்நாள் அவற்றை நெட்டுருச் செய்து மறுநாள் மறந்தோமேயன்றி, அவை ஓர் அளவுகோல் என்பதை யாம் கருதியதில்லை. இவ்வாண்டு அவ்வளவுகோலைப் பொய்விடைகளின்மேல் வைத்துப் பார்த்தோம். வியப்பாக இருந்தது.

எடுத்துக்காட்டாக யாமே புனைந்த ஒரு பகுதியைக் கொள்க: 'அலையாத்திக் காடுகள் அடர்ந்த கரையில் புயலலையின் வேகம் பெரும்பாலும் குறைகின்றது, ஆயினும் கரையோரம் குடியிருப்போரை முன்னரே அப்புறப்படுத்துவதற்கு அஃது ஈடாகாது.' இதன் கருத்து யாது என்று வினவினால், காடும் வேண்டும், மக்களை அப்புறப்படுத்தலும் வேண்டும் என்பது போன்றதொரு விடையே பொருந்தும். இனி, பொய்விடைகள் பிறக்குமாறு காண்க. 'அலையாத்திக் காடு எல்லாப் புயலினின்றும் கரையைக் காக்கும்' என்பது மிகைபடக் கூறல்; 'பெரும்பாலும்' என்னும் சொல்லை அது விழுங்கிவிட்டது. 'காடுள்ள கரையில் மக்களை அப்புறப்படுத்த வேண்டுவதில்லை' என்பது மாறுகொளக் கூறல். 'இறால் பண்ணைகளால் அலையாத்திக் காடுகள் அழிகின்றன' என்பது மற்றொன்று விரித்தல். அஃது உலகத்தில் உண்மையே. எனினும் இப்பகுதியில் இல்லை. எம்மைப்போல் செய்தித்தாள் படிப்பவர் விழும் குழி அது. 'அலையாத்திக் காடு அலையின் வேகத்தைக் குறைக்கும்' என்பது குன்றக் கூறல். இந்நான்கனுள் கொடியது இக்கடைசியே என்பது எம் அனுபவம். ஏனெனில் அதன் ஒவ்வொரு சொல்லும் பகுதியில் உள்ளது, பொய் ஒன்றும் இல்லை, பாதிதான் இல்லை. 'ஆயினும்' என்ற ஒரு சொல்லின்மேற் கண் நிற்காதவன் அதனையே குறித்துவிட்டு மகிழ்ச்சியோடு அடுத்த வினாவிற்குப் போவான். முன்னும் பின்னும் உள்ள வசனங்களை விட்டு ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு செய்யும் பிரசங்கத்தை ஆலயத்திற் கேட்டுப் பெருமூச்செறிந்தவர் நம்முட் பலர் உளர். பிறர் செய்தாற் புலப்படும் குற்றம் நாம் செய்தாற் புலப்படுவதில்லை.

கூறாமலே கொண்டு நிற்பதைக் கண்டறிதல் இன்னும் அரிது. மேலைக் குளத்தையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். 'தூர்வாரிய ஆண்டில் கிணறுகளில் நீர் உயர்ந்தது. ஆதலின் தூர்வாரியதே காரணம்' என்று ஒருவர் வாதிப்பாராயின், அவ்வாண்டு மழை வழக்கத்தின் மிகுதியாகப் பெய்யவில்லை என்பதை அவர் சொல்லாமலே கொண்டிருக்கின்றார். பக்கத்து ஊரில் குளம் தூர்வாராமலே கிணறுகள் நிரம்பின என்று காட்டினால் அவர் வாதம் தளரும். நிரம்பவில்லை என்று காட்டினால் வலுக்கும். வாதத்தைத் தளர்த்துவது யாது, வலுப்படுத்துவது யாது என்று வினவும் வினாக்களெல்லாம் இச்சிறு வித்தினின்று முளைப்பனவே. மணிமேகலையில் அறவண அடிகள் உபதேசிக்கும் அளவையிலக்கணத்தை நினைவுகூர்க. பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புக்களைப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் உரிய போலிகளையும் அக்காப்பியம் எண்ணிச் செல்கின்றது. நீராவியோ பனியோ என்று ஐயுறுதற்குரிய ஒன்றைப் புகையென்றே கொண்டு நெருப்புண்டெனத் துணிதல் ஆங்குக் கூறிய போலிகளுள் ஒன்று. அந்தக் காதையை வறட்சியானது என்று கூறித் தள்ளிவிட்டு மேற்செல்வது வகுப்புக்களில் வழக்கம். யாமும் அவ்வாறே தள்ளியவர்கள்தாம். திறனறி பரீட்சையில் தோற்ற பின்னரே அப்பக்கங்களைத் தேடித் திரும்பினோம் என்று சொல்ல நாணுகின்றோம்.

சொற்பட்டியல்களை மனனம் செய்வோர்க்கு ஒரு வார்த்தை. அமெரிக்க நாட்டில் கல்லூரி புகுவார்க்கு 1926-ஆம் ஆண்டு தொடங்கிய ஸாட் பரீட்சையிலிருந்து எதிர்ச்சொல் வினாக்கள் 1994-இலும், இதற்கு இது போல அதற்கு எது என்னும் ஒப்புமை வினாக்கள் 2005-இலும் நீக்கப்பட்டன. மேற்படிப்பிற்குரிய ஜீயாரீ பரீட்சையும் 2011-இல் இவ்விரண்டையும் கைவிட்டது. பரீட்சை வைப்பவரே தனிச்சொல்லை விட்டு வாக்கியத்திற்கும் பகுதிக்கும் வந்துவிட்டனர். பழைய பட்டியல்களோ இன்றும் விலைபோகின்றன.

இனி, வழக்கொன்று உண்டு; அதனைச் சொல்லாமல் விடல் நேர்மையன்று. இந்திய ஆட்சிப்பணி முதலியவற்றிற்கு ஆள் தெரியும் மத்திய தேர்வாணையம் முதனிலைப் பரீட்சையில் 2011-ஆம் ஆண்டு திறனறி தாள் ஒன்றைப் புகுத்திற்று. சிசாட் என்பது அதன் வழக்குப் பெயர். வினாக்கள் 80, காலம் இரண்டு மணி, மதிப்பெண் 200. பகுதியை மட்டுமே கொண்டு விடையளிக்க என்று அத்தாளிலேயே அச்சிட்டிருக்கின்றனர். யாம் குளத்துப் பகுதியில் மறந்த விதி அதுவே. தவறான விடை ஒன்றிற்கு அவ்வினாவின் மதிப்பெண்ணில் மூன்றிலொரு பங்கு குறையும். விடைகள் நான்காதலின் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவனுக்குச் சராசரியில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பொய்விடை ஒன்றையேனும் காரணத்தோடு தள்ளக் கூடியவனுக்கே இலாபம் உண்டு. தாளின் இந்தி மொழிபெயர்ப்புப் பொருள் விளங்காதபடி இருந்தது என்று 2014-இல் டெல்லியில் மாணவர் பெருங்கிளர்ச்சி செய்தனர். 2015 முதல் அத்தாளில் நூற்றுக்கு 33 பெற்றாற் போதும், அம்மதிப்பெண் தரவரிசையிற் சேராது என்று விதி மாறிற்று. அஃதாவது 66 மதிப்பெண். ஒரு வினாவிற்கு இரண்டரை ஆதலின், தவறின்றி 27 வினாக்களுக்கு விடையளித்தவர் வாயிலைக் கடந்துவிடலாம்.

சிறு வாயில்தான். ஆயினும் அவ்வாயிலின் எழுத்து ஆங்கிலமும் இந்தியுமே. அடுத்து வரும் முதன்மைப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். தமிழ் இலக்கியத்தையே விருப்பப் பாடமாகக் கொள்ளவும் இடமுண்டு. உள்ளே தமிழுக்கு ஆசனம் இட்டுவிட்டு வெளிக்கதவில் தமிழைத் தடுத்து நிறுத்துவது என்ன முறை? கணக்கில் வல்லவன் பகுதிகளை விட்டுவிட்டு எண்களைக் கொண்டே கடந்துவிடுவான். கணக்கும் ஆங்கிலமும் இடறுகின்ற கிராமத்து மாணாக்கன், தான் தமிழில் எழுதக்கூடிய பரீட்சையின் முகத்தையே காணாமல் திரும்புகின்றான். இத்தாள் தமிழிலும் அச்சாக வேண்டும் என்பது எம் கருத்து. ஆனால் எத்தகைய தமிழ்? இந்திக்கு நேர்ந்தது தமிழுக்கு நேருமாயின், ஆங்கிலமே மேல் என்று நம்மவர் கூற நேரிடும்.

நம் மாநிலத் தேர்வாணையத்தின் நான்காந் தொகுதிப் பரீட்சையில் தமிழுக்கு 100 வினாக்கள் உள, திறனறிவுக்கு 25. அத்திறனறிவுப் பகுதியின் பாடத்திட்டமோ கணக்கையும் எண்தொடரையும் பகடை முதலிய புதிர்களையுமே பெரிதும் தழுவியது. தமிழ் உரைநடைப் பகுதி ஒன்றைக் கொடுத்து, இவ்வாதம் எதனைக் கொண்டு நிற்கின்றது, எதனால் தளரும் என்று வினவுவது அதில் இல்லை. வினவுவார் இல்லாதபோது பயிற்சி நூல் எழுதுவாரும் இலர். தமிழில் அழகு உண்டு, பக்தி உண்டு. ஆராய்ச்சிக்கு வேண்டிய கூர்மை ஆங்கிலத்தில்தான் உண்டு என்று நம் தோழர் சிலர் கூசாமற் கூறுகின்றனர். அவரைச் சினந்து பயனில்லை. கையில் ஒரு தாளை எடுத்துக் கொடுத்தல் வேண்டும்.

அத்தாள் இல்லை என்பதனால் யாமே எழுதத் தொடங்கினோம். சனிக்கிழமை மாலைகளில் விடுதியின் மேல்மாடத்தில் எண்மர் கூடுகின்றோம். பதினொருவருள் மூவர் கழன்றனர். அவர்க்குப் பந்தாட்டம் இனித்தது. ஒவ்வொருவரும் ஒரு பகுதியும் மூன்று வினாக்களும் எழுதிக் கொணர வேண்டும். ஒரு வினாவிற்கு ஒரு மெய்விடை, மூன்று பொய்விடை. விடையளித்தலினும் பொய்விடை புனைதல் கடினமானது. எளிதிற் புலப்படும் பொய்யை எழுதினால் தோழர் நகைக்கின்றனர். மறைந்து நிற்கும் பொய்யை எழுதினால், பல வேளைகளில் அதுவும் மெய்யாய்விடுகின்றது. ஒரே வினாவிற்கு இரண்டு விடை பொருந்தி நிற்க, எழுதியவர் விழிக்கின்றார். இதுவரை எழுதிய நாற்பது பகுதிகளுள் ஏறத்தாழப் பாதியை இக்குற்றத்தினாற் கிழித்தெறிந்தோம். கிழித்தவற்றுள் ஐந்து எம்முடையவை. குற்றம் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் இரசாயன வகுப்பு நண்பர் ஒருவர். அவர் தமிழில் எழுதும்போது ஒற்று மிகுவதில் எப்பொழுதும் தவறுவார். 'ஆயினும்' என்பதை மட்டும் தவறவிடுவதில்லை.

பயிற்சியில் யாம் கைக்கொண்ட முறை ஒன்றே. முதன்முறை படிக்கும்போது எழுதுகோலைத் தொடுவதில்லை. இரண்டாம் முறை படித்தபின் பகுதியின் கருத்தை ஒரே வாக்கியத்தில் தமிழிற் சொல்லிக்கொள்ளுதல். பகுதி ஆங்கிலமாயினும் இதற்கு விலக்கில்லை. அதன் பின்னரே விடைகளைப் பார்த்தல். தள்ளும் ஒவ்வொரு விடைக்கும் எதிரே அதன் குற்றத்தின் பெயரை எழுதுதல். காலம் அளந்து படிப்பது இவையெல்லாம் கைவந்த பிறகே. தொடக்கத்திலேயே கடிகாரத்தை முன்வைத்துக்கொண்டு ஓடிய நாட்களில் யாம் வேகமாகத் தவறினோம், அவ்வளவே. ஒருமுறை கேட்டதை மீண்டும் ஒருமுறை கேட்பானுக்குப் பிழை நீங்கும் என்பது நன்னூலார் கொள்கை. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வினா என்னும் கணக்கோடு அது பொருந்தாது என்று எண்ணியிருந்தோம். பழகப் பழகப் பொருந்துகின்றது.

மார்கழி விடுமுறைக்கு முன் பழைய மாதிரித் தாளை ஒத்த வேறொரு தாளை மீண்டும் எழுதினோம். எண்மரில் அறுவர் முப்பதுக்கு இருபதைத் தாண்டினர். யாம் பெற்றது பத்தொன்பது. தவறிய பதினொன்றுள் ஏழு குன்றக் கூறல். அவ்விடத்தில் இன்னும் கண் நிற்கவில்லை.

பழைய மாணவர்களுள் இத்தகைய பரீட்சைகளை எழுதி உத்தியோகத்தில் அமர்ந்திருப்போர் பலர் இம்மலரைப் படிப்பார்கள். அவர்களுள் எவரேனும் ஊருக்கு வரும்போது ஒரு சனிக்கிழமை மாலை விடுதிக்கு வந்து, எஞ்சிய இருபது பகுதிகளையும் சோதித்து, கிழிக்க வேண்டியவற்றைக் கிழித்துத் தருவாராயின் பெரிதும் கடப்பாடுடையோம். ஆறு மணிக்குக் கூடுகின்றோம். எட்டு மணிக்குச் சாப்பாட்டு மணி அடிக்கும் வரையில் அங்கேயே இருப்போம்.