இறுதியாண்டில் கற்றுத்தர முடியாத பாடம்

ஏழாவது செமஸ்டர் தொடங்கிவிட்டால் பொறியியல் கல்லூரிகளில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். வளாக நேர்காணலுக்கு நிறுவனங்கள் வரப்போகின்றன. அதற்கு முன்பே வெளியிலிருந்து பயிற்சியாளர்கள் வந்து இறங்குவார்கள். குழு விவாதத்தில் எப்படிப் பேசுவது, நேர்காணலில் எப்படி உட்காருவது, எப்படிக் கைகுலுக்குவது என்று நான்கைந்து நாள் வகுப்பு நடக்கும். மூன்று ஆண்டுகளாகக் கேள்வி கேட்டபோதெல்லாம் ‘அதிகப்பிரசங்கி’ என்று உட்காரவைத்த பிள்ளையிடம், தலைமைப் பண்பு எங்கே என்று அப்போது தேடுகிறோம்.

பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ போன்ற திட்டங்களின் தேவையை, கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் அறிவார்கள். கூச்சம் தெளிந்து நாலு பேர் முன்னால் பேசுவதே அவர்களில் பலருக்குப் பெரிய தாண்டல். ஆனால் பேசத்தான் கற்றுத்தர முடியும். சொன்ன வேலையைச் செய்துமுடிப்பதும், செய்த தவறை ஒப்புக்கொள்வதும் வகுப்பறையில் வருவதில்லை.

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்தினேன். ஐம்பது பேருக்கான சாப்பாட்டுப் பொறுப்பை இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தேன். வகுப்பில் இருக்கிற இடமே தெரியாதவர். முதல் நாள் மதியம், கடைசிப் பந்தியில் உட்கார்ந்த பன்னிரண்டு பேருக்குச் சாம்பார் இல்லை. ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். சமைத்த அம்மா மீது அவர் பழியைப் போட்டிருக்கலாம். “என் கணக்குதான் சார் தப்பு” என்றார். அன்று மாலை அதே அம்மாவிடம் போய், “அக்கா, ஐம்பது பேருக்குப் பருப்பு எவ்வளவு போடணும்?” என்று கேட்டு, நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் எல்லோரும் சாப்பிட்ட பிறகே அவர் இலை போட்டு உட்கார்ந்தார். ஏழாம் நாள் பில்களை அடுக்கி, மிச்சப் பணத்தை எண்ணி என் மேசையில் வைத்தார். இதை எந்தப் பயிற்சியாளராலும் ஐந்து நாளில் கற்றுத்தர முடியாது.

காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கப்பட்டது இந்த நாட்டு நலப்பணித் திட்டம். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்பது விதி. சரியாக நடந்தால் அதைவிடச் சிறந்த ஆளுமைப் பயிற்சி வேறில்லை. பல இடங்களில் அது ஒரு பேரணி, ஒரு பேனர், ஒரு புகைப்படம் என்று சுருங்கிப்போனது வேதனை.

பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுக்க நாம் பயப்படுகிறோம். 18 வயதில் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கிறவர், வகுப்புப் பிரதிநிதி யார் என்பதைத் துறைத்தலைவர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறார். மாணவர் பேரவைத் தேர்தல் என்றாலே அடிதடி, கட்சித் தலையீடு என்று நிர்வாகங்கள் நடுங்குகின்றன. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கான கடிவாளத்தை மாணவர் தேர்தல்களை நெறிப்படுத்த அமைக்கப்பட்ட லிங்டோ குழு 2006-லேயே கொடுத்துவிட்டது. வேட்பாளருக்கு 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும், 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது, கட்சிப் பணம் கூடாது என்றது. உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அப்படியும் தமிழ்நாட்டின் பெரும்பாலான தனியார் கல்லூரிகளில் தேர்தல் என்ற பேச்சே இல்லை. தோற்றவர் மறுநாள் ஜெயித்தவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்யப் பழகும் வாய்ப்பும் அதோடு போய்விடுகிறது. நாளை அலுவலகத்தில் அவர்களுக்கு முதலில் தேவைப்படப்போவது அந்தப் பழக்கம்தான்.

கல்லூரி முதல்வர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு சேரும் பிள்ளைகள் நான்காம் ஆண்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். விடுதி மெஸ் கணக்கையும் கருத்தரங்கச் செலவையும் முதலாண்டிலிருந்தே அவர்கள் கையில் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பில்லை மட்டும் சரிபாருங்கள். முதல் வாரம் சாம்பார் குறையத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.