வீடிழப்போர்க்குச் சுருக்கம் போதுமாம்!

சென்னைத் துறைமுகத்தினின்று மதுரவாயல் வரை, கூவத்தை ஒட்டிப் பறக்கும் சாலை எழுப்ப 2009-இல் கால்கோளிட்டனர். ஆற்றோட்டம் தடைப்படும் என்று 2012-இல் தமிழக அரசே பணியை நிறுத்திற்று. அரைகுறைத் தூண்கள் பத்தாண்டு வெயிலிலும் மழையிலும் நின்றன. 2022-இல் ஈரடுக்குப் பாலமாக, ஏறத்தாழ 5,850 கோடி உருபாவில், மீண்டும் அடிக்கல் நாட்டப்பெற்றது.

சரக்குந்துகள் விரைந்து செல்லட்டும். நாம் பாலத்திற்குப் பகைவரல்லேம். ஆயின் கரைவாழ் ஏழையர் எங்குச் செல்வர்? நகர் நடுவே கூலிவேலையும் பிள்ளைகட்குப் பள்ளியும் கண்டோரைத் தொலைவிலுள்ள பெரும்பாக்கத்திற்கும் கண்ணகி நகருக்கும் பெயர்த்து விடுவதே ஆட்சியாளர் வழக்கம். (அரசனிடம் முறை கேட்டவள் பெயரை அவ்விடத்திற்கு இட்டவர் யாரோ!)

தம் தெருவில் தூண் எங்கு ஊன்றப்படும், துளையிடும் அதிர்வை மண்சுவர் தாங்குமா, பெருமழையில் நீர் எப்பக்கம் புகும் என்று இம்மக்கள் வினவுகின்றனர். இத்தகைய பெரும்பணிகளைப் பற்றி மக்கள் கருத்துக் கேட்க நடுவணரசு 2006-இல் வகுத்த சுற்றுச்சூழல் நெறிமுறை என்ன சொல்கிறது? ஆய்வறிக்கையின் சுருக்கத்தை மக்கள் மொழியில் தந்தாற் போதுமாம்! அளவும் கணக்கும் வரைபடமும் அடங்கிய முழு அறிக்கை ஆங்கிலத்துள் உறங்கும். ஒப்பந்தக்காரர்க்கு முழுமை, வீடிழப்போர்க்குச் சுருக்கம். இஃது எவ்வூர் நயன்மை?

முழு அறிக்கையையும் தமிழில் தருக. தூண் வரைபடத்தைத் தெருதோறும் ஒட்டுக. மாற்றுவீட்டை அருகிலேயே காட்டுக. அதுவரை ஒரு குடிசையையும் தொடாதிருக்க.