பாரமும் காலமும்

கொங்கிறீற்று இறுகிவிட்டால் அசையாது என்றே நாம் எண்ணுகிறோம். அது சரியல்ல. ஓயாத பாரத்தின் கீழ் அது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தாழ்கிறது.

பசிபிக் சமுத்திரத்துப் பலாவு நாட்டில் 1977இல் கட்டிமுடித்த பாலமொன்று, தூண்களுக்கிடையே 241 மீற்றர் நீளமானது. அது நடுவில் 1 மீற்றருக்கும் மேல் தொய்ந்தது. கணக்கிட்டோர் இத்தொய்வைக் குறைத்தே மதித்திருந்தனர். திருத்தவேலை முடிந்து சில மாதங்களில், 1996 செப்டெம்பர் 26இல், பாலம் இடிந்தது; இருவர் இறந்தனர். இடிந்த காரணம் பற்றிப் பொறியியலாளரிடையே வாதம் உண்டு. தொய்ந்தது பற்றி இல்லை.

இளங் கொங்கிறீற்றில் பாரம் ஏற்றினால் தொய்வு கூடும். ஆகவே ஊர் திரும்பி வீடு கட்டும்போது நாம் அவசரப்பட்டு முட்டுகளைக் கழற்றலாகாது. ஈரம் காயாமலும் காக்கவேண்டும். பாலமோ பாடசாலை மாடியோ கட்ட வருவோரிடம், "20 வருடத்தின் பின் இது எவ்வளவு தாழும்?" என்று கேட்போம். அதன் கீழ் வாழப்போகிறவர்கள் நாமே.