ஒரு ஓசி டி-ஷர்ட்டும் கொஞ்சம் மரியாதையான தொல்லையும்

டி-ஷர்ட்டுக்காக யாராவது அலைவாங்களானு எங்க ஊர்ல கேட்டா சிரிப்பாங்க. காங்கேயத்துல பஸ் ஏறி திருப்பூர்ல இறங்கினா, ரோட்டோரத்துல செகண்ட்ஸ் பீஸைக் குவிச்சு வெச்சு வித்துட்டு இருப்பாங்க. ஆனா 2020 அக்டோபர்ல ஒரு ஓசி டி-ஷர்ட்டுக்காக ஓப்பன் சோர்ஸ் உலகமே நாலஞ்சு நாள் நாறிப் போச்சு. அதுல நம்ம நாட்டுப் பசங்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

பி.காம். படிக்கிறவனுக்கு இதுல என்னடா வேலைன்னு வகுப்புல கேப்பாங்க. இருக்கு, கடைசியில சொல்றேன்.

டிஜிட்டல் ஓஷன்னு ஒரு கம்பெனி 2014ல இருந்து ஒவ்வொரு அக்டோபரும் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்'னு ஒண்ணு நடத்துது. 2020ல விதி இதுதான்: ஏதாவது ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு நாலு புல் ரிக்வெஸ்ட் (அதாவது "இந்தத் திருத்தத்தைச் சேத்துக்கோங்க"ன்னு ஒரு விண்ணப்பம்) அனுப்பணும். முதல்ல முடிக்கிற 70,000 பேருக்கு டி-ஷர்ட், வேண்டாம்னா அவங்க பேர்ல ஒரு மரம். நல்ல எண்ணம்தான். ஆனா நம்ம ஊர் யூடியூப் சேனல் ஒண்ணு, விண்ணப்பம் அனுப்புறது எவ்ளோ ஈஸின்னு காட்டுறதுக்காக ஒரு ரீட்மீ கோப்புல 'அமேசிங் ப்ராஜெக்ட்' மாதிரி ரெண்டு வார்த்தையைச் சேத்து அனுப்பிக் காட்டிச்சு. பாத்தவங்க அப்படியே செஞ்சாங்க. உலகத்துல இருக்கிற புராஜெக்ட் எல்லாத்துலயும் 'அமேசிங்' மழை!

ஒவ்வொண்ணையும் ஒரு ஆள் திறந்து பாத்து மூடணும். அந்த ஆளுக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. எச்.டி.எம்.எல். தர நிர்ணயத்தைப் பராமரிச்சுட்டு இருந்த டொமினிக் டெனிகோலா, இது பராமரிக்கிறவங்க மேல ஒரு கம்பெனி காசு குடுத்து நடத்துற தாக்குதல்னே எழுதினார். அக்டோபர் 3ஆம் தேதியே விதியை மாத்திட்டாங்க. தானா முன்வந்து பேர் குடுக்கிற புராஜெக்ட்டுகளுக்கு அனுப்பினா மட்டும்தான் கணக்கு. 2023ல டி-ஷர்ட்டையும் நிறுத்திட்டு டிஜிட்டல் பேட்ஜ் குடுத்தாங்க.

சரி, டி-ஷர்ட்தான் காரணம்னு நினைச்சா, 2024 பிப்ரவரியில டி-ஷர்ட்டே இல்லாம மறுபடி நடந்துச்சு. எக்ஸ்பிரஸ்னு, எத்தனையோ வெப்சைட்டுகளுக்கு அடியில ஓடுற ஒரு மென்பொருள். ஒரு பாட வீடியோவுல அதோட பக்கத்தை உதாரணமாக் காட்டியிருந்தாங்க. அவ்வளவுதான், தன் பேரை அதோட ரீட்மீயில சேக்கச் சொல்லி வரிசையா வந்து நின்னாங்க நம்ம மாணவர்கள். தஞ்சாவூர் பெரிய கோயில் சுவத்துல காதலி பேரைக் கீறுற அதே கை. :-)

நான் சொல்ல வர்றது, இந்தத் தொல்லையில ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. மட்டுறுத்தல்னாலே நாம வசவு, ஆபாசம், சாதிப் பேச்சு இதை அழிக்கிறதுன்னுதான் நினைக்கிறோம். ஓப்பன் சோர்ஸ்ல ஆளைக் கொல்றது மரியாதையான பேச்சுதான்னு எனக்குத் தோணுது. 'அமேசிங்'னு பாராட்டுறவனை எந்த வடிகட்டி பிடிக்கும்?

இதைவிட மோசமான உதாரணம் ஒண்ணு இருக்கு. எக்ஸ்-இசட்னு கோப்புகளைச் சுருக்குற ஒரு மென்பொருள். லினக்ஸ் ஓடுற இடத்துல எல்லாம் இருக்கும். லாஸ்ஸே காலின்னு ஒருத்தர் பல வருஷமாத் தனியாப் பாத்துக்கிட்டு இருந்தார். 2022ல 'ஜிகர் குமார்', 'டென்னிஸ் என்ஸ்'னு ரெண்டு பேர் வந்து நச்சரிச்சாங்க. வேலை நகரலையே, உங்களுக்கு ஆர்வம் போச்சு போல, வேற ஆளைச் சேத்தா என்னன்னு. வசவு எதுவும் இல்லை. எல்லாம் அக்கறையாப் பேசுற மாதிரிதான். காலின் பாவம், எனக்கு நாள்பட்ட மனநலப் பிரச்சினை இருக்கு, இது சம்பளம் இல்லாத பொழுதுபோக்கு வேலைன்னு பதில் சொன்னார். கடைசியில 'ஜியா டான்'ங்கிற ஆளைச் சேத்துக்கிட்டார். அந்த ஆள்தான் 2024 பிப்ரவரியில வந்த பதிப்புல திருட்டு வாசல் வெச்சது. அந்த மார்ச் 29ஆம் தேதி ஆன்ட்ரெஸ் ஃபிராயிண்ட் அதை வெளியே சொன்னார். எப்படிக் கண்டுபிடிச்சார்னா, சர்வருக்குள்ள நுழையும்போது அரை நொடி தாமதம் ஆகுதேன்னு சந்தேகப்பட்டார்! அந்த நச்சரிப்புப் பேர்கள் எல்லாம் போலின்னும், தாக்குதலோட ஒரு பாகம்னும்தான் ஆராய்ஞ்சவங்க பலரும் நினைக்கிறாங்க.

அந்த நச்சரிப்பை அன்னிக்கே யாராவது ஒருத்தர் "போதும், நிறுத்து"ன்னு சொல்லியிருக்கணும். காலினால அதைச் சொல்ல முடியாது, அவரே களைச்சுப் போயிருந்தார். பக்கத்துல வேற ஆள் இல்லை.

அப்போ லைனஸ் டோர்வால்ட்ஸ் மாதிரி கத்துறதுதான் சரியான்னு கேப்பீங்க. இல்லைங்க. 2012 டிசம்பர்ல கூட வேலை செய்யுற ஒரு பெரிய பராமரிப்பாளரையே அவர் உலகமே பாக்கக் கெட்ட வார்த்தையில திட்டினார். 2018 செப்டம்பர் 16ஆம் தேதி மன்னிப்பு கேட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கியும் இருந்தார். லினக்ஸுக்கு நடத்தை விதியும் அப்போதான் வந்துச்சு. அவர் திட்டினது உழைச்ச ஆளை. உழைச்ச ஆளுக்குக் காரணம் சொல்லணும், உழைக்காம வந்தவனுக்குப் பதிலே வேண்டாம். இந்தப் பக்கம் காட்ட வேண்டிய கோவத்தை அந்தப் பக்கம் காட்டிட்டார்னு நினைக்கிறேன்.

பனியன் கம்பெனி செக்கிங் டேபிள்ல நின்னு பாத்தவங்களுக்கு இது புரியும். தையல் விட்டுப் போன பீஸ்ல குறை இருக்கிற இடத்துல ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி டெய்லர்கிட்ட திருப்பி அனுப்புவாங்க. துணியே கிழிஞ்சிருந்தா ஸ்டிக்கர் ஒட்டிட்டு இருக்க மாட்டாங்க, தூக்கி ரிஜெக்ட்ல போட்டுட்டு அடுத்த பீஸ்.

கிட்ஹப்புல ஒரு வசதி இருக்கு. ஏற்கெனவே பங்களிச்சவங்க மட்டும்தான் பேசலாம்னு கதவைச் சாத்தலாம், 24 மணி நேரத்துல இருந்து 6 மாசம் வரைக்கும். கூட்டம் படையெடுக்கும்போது ஒரு நாள் சாத்துறது நியாயம். 6 மாசம் சாத்தினா, நிஜமாவே ஒரு பிழையைக் கண்டுபிடிச்ச முதல்முறை ஆள் வாசல்லயே நிப்பான். அதுவும் "இந்தியர்களே இப்படித்தான்"னு அப்போ சிலர் எழுதினதைப் படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சது. ஊரைப் பாத்து வடிகட்டுறது சோம்பேறித்தனம். ஆனா அந்தப் பேச்சு வரக் காரணம் யாருன்னும் தெரியும், அதனால ரொம்பக் கத்தவும் முடியலை.

எனக்கு என்ன வேலைன்னு சொல்றேன்னேன்ல? ஒரு இலவசக் கணக்கு மென்பொருளோட தமிழ்ப் பதிப்புல டெபிட்டுக்கு 'வரவு'ன்னு போட்டிருந்தாங்க. பதினோராம் வகுப்புப் பையனே சிரிப்பான். 'பற்று'ன்னு மாத்தணும்னு எழுதினேன். அனுப்புறதுக்கு முன்னாடி நாலு தடவை படிச்சேன், நம்மளையும் ஓசி டி-ஷர்ட் கேஸுன்னு நினைச்சுடுவாங்களோன்னு பயம். ரெண்டு நாள் கழிச்சு மூணு வரியில பதில் வந்துச்சு. எந்தத் திரை, எந்தப் பதிப்பு, இந்தச் சொல் எந்தப் பாடப்புத்தகத்துல இருக்கு. வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை.

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தைப் பரண்ல இருந்து எடுத்து, தூசி தட்டி, பக்கத்தைப் படம் பிடிச்சு அனுப்பியிருக்கேன். இன்னும் பதில் வரலை.