அருள் வரட்டும் என்று காத்திருப்போருக்கு

கிணற்றுப் பங்குத் தகராறில் தமையனோடு பல்லாண்டுகளாகப் பேசாத ஒருவர் இத்தவக்காலத்திலும் என்னிடம் சொன்னார்: “அருள் வரட்டும் சாமி. நாமாக என்ன செய்துவிட முடியும்?” சாட்சிக்குக் குழந்தை இயேசுவின் தெரசாளையும் அழைத்துக்கொண்டார்.

படியேற இயலாச் சிறு குழந்தையான தம்மை உயர்த்தும் மின்தூக்கி இயேசுவின் கரங்களே என்று அப்புனிதை எழுதியது மெய்தான். எழுதியவர் வாழ்ந்த விதத்தை யார் படிக்கிறார்கள்? 1888-இல், 15 வயதில், பிரான்சு நாட்டு லிசியே நகரின் கார்மேல் மடம் புகுந்தவர் அவர். எதிலும் குறை காணும் முதிய அருள்சகோதரி ஒருவரை மாலைதோறும் கைத்தாங்கலாக உணவறைக்கு அழைத்துச் சென்றார்; ரொட்டியையும் நறுக்கிக் கொடுத்தார். துணி துவைக்கையில் எதிரே நின்றவர் அழுக்கு நீரை முகத்தில் தெறித்தபோது, துடைக்க எழுந்த கையை அடக்கிக்கொண்டார். தமக்குச் சற்றும் ஒவ்வாதவரைக் கண்டபோதெல்லாம் புன்னகைத்தார். இதுவா சும்மா இருத்தல்? (செபத்தில் அவர் உறங்கிப்போனதை மட்டும் நம்மவர் மறப்பதேயில்லை!)

புண்ணியக் கணக்கேடு எழுதுவோரும் இதனால் மகிழ வேண்டாம். வெறுங்கையோடு இறைவன்முன் நிற்கவே அவர் விரும்பினார்.

அருள் முந்திக்கொள்கிறது, மனிதன் அதற்கு இசைந்து ஒத்துழைக்கிறான், மறுக்கவும் அவனால் முடியும். 1547-இல் திரெந்துப் பொதுச்சங்கம் கற்பித்தது இதுவே. வரட்டும் என்று காத்திருக்க அருள் என்ன, அடுத்த பேருந்தா? திருமுழுக்கிலேயே வந்துவிட்டது ஐயா! உம் கால்தான் இன்னும் எழவில்லை.

தமையன் வீடு கோவிலிலிருந்து மூன்றாம் தெரு. பாஸ்கா இரவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.